உச்சிக்கு ஏறிச் சாகும் புழு

மக்காச்சோளத் தோகையின் நுனியில் ஒரு படைப்புழு விறைத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த வெள்ளை வெளிர் பச்சைத் தூளாக மாறியிருக்கிறது. "இந்த முறை மருந்தே அடிக்கவில்லை, புழு தானாகச் செத்துக் கிடக்கிறது. பயிருக்குப் பூஞ்சண நோய் வந்துவிட்டதா? என்ன அடிக்கலாம்?" ஐப்பசி மழை பிடித்ததும் தருமபுரி மாவட்டத்தில் மக்காச்சோளம், நிலக்கடலை போட்டவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

பதில் சுருக்கமானது. எதையும் அடிக்க வேண்டாம். நோய் வந்திருப்பது புழுவுக்கு, பயிருக்கு அல்ல. அந்தப் பச்சைத் தூள் ஒவ்வொன்றும் அடுத்த புழுவைக் கொல்லும் வித்து.

ஆனால் இதே கேள்வியைப் பக்கத்துக் கொல்லையில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கும் ஒருவர் கேட்டால் பதில் இவ்வளவு எளிதாக இருக்காது. படைப்புழுவைக் கொல்லும் அதே பூஞ்சணம் பட்டுப்புழுவையும் கொல்லும். மக்காச்சோளமும் மல்பெரியும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே வரப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நிற்கும் மாவட்டம் இது. அதனால் இந்தப் பூஞ்சணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது மக்காச்சோளக்காரர் மட்டும் அல்ல.

புழு ஏன் மேலே ஏறுகிறது?

அமெரிக்கன் படைப்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2018 மே மாதம், கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில். அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இந்தப் புழுவின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பகலில் குருத்துக்குள் பதுங்கியிருக்கும். மரத்தூள் போல எச்சம் குருத்தில் குவிந்திருப்பதைப் பார்த்துத்தான் உள்ளே புழு இருப்பதையே கண்டுபிடிக்க வேண்டும். பறவைக்கும் குளவிக்கும் பயந்து ஒளிந்து வாழும் புழு அது. அது பட்டப்பகலில் தோகையின் உச்சிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் அதன் புத்தி அதனிடம் இல்லை என்று பொருள்.

இதைச் செய்யும் பூஞ்சணத்தின் பெயர் மெட்டாரைசியம் ரைலி. பழைய புத்தகங்களிலும் சில பாக்கெட்டுகளிலும் நொமுரியா ரைலி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இது பெரும்பாலும் அந்துப்பூச்சி இனத்துப் புழுக்களைத்தான் தாக்கும். படைப்புழு, நிலக்கடலையிலும் ஆமணக்கிலும் வரும் புரொடீனியா புழு, தக்காளியிலும் துவரையிலும் வரும் பச்சைக் காய்ப்புழு ஆகிய மூன்றுமே இதற்கு இரை.

வித்து புழுவின் தோலில் ஒட்டுகிறது. ஈரம் இருந்தால் முளைக்கிறது. முளைக்குழாய் தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. உண்ண வேண்டிய அவசியமே இல்லை, தொட்டால் போதும். வைரசும் பேசில்லஸ் பாக்டீரியா மருந்தும் புழு தின்றால்தான் வேலை செய்யும். பூஞ்சணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உள்ளே போனதும் சிறு சிறு துண்டுகளாகப் பெருகி ரத்தத்தில் மிதந்து திரிகிறது. மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில் புழு தீனியைக் குறைக்கும். ஐந்து முதல் எட்டு நாளுக்குள் சாகும். சாவதற்குச் சற்று முன்புதான் அந்த ஏற்றம். உச்சிக்குப் போய்க் கால்களால் இலையை இறுகப் பற்றிக்கொண்டு விறைத்துவிடுகிறது.

இதில் லாபம் யாருக்கு என்று பார்த்தால் விஷயம் விளங்கும். குருத்துக்குள் செத்தால் வித்து அங்கேயே எச்சத்தோடு மக்கிப்போகும். உச்சியில் செத்தால் இரவுப் பனியில் உடல் நனைந்து வித்து பூக்கும். காலையில் காற்று வந்தால் கீழே உள்ள இலைகள் எல்லாவற்றிலும் கொட்டும். தூற்றும்போது முறத்தை எவ்வளவு உயரத்தில் பிடித்தால் பதர் எவ்வளவு தூரம் போகும் என்று களத்தில் வேலை செய்தவருக்குத் தெரியும். அதே கணக்குத்தான்.

பூஞ்சணமா, வைரசா?

மேலே ஏறிச் சாகும் எல்லாப் புழுவும் பூஞ்சணத்தால் சாவதில்லை. என்.பி.வி. என்ற வைரஸ் தாக்கிய புழுவும் உச்சிக்குத்தான் போகும். ஜெர்மனியின் காடுகளில் புழுக்கள் கூட்டம் கூட்டமாக மர உச்சியில் தொங்கிச் செத்ததைப் பார்த்த வனத்துறையினர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு 'மர உச்சி நோய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீன ஆய்வாளர்கள் 2022இல் பச்சைக் காய்ப்புழுவில் ஒன்றைக் காட்டினார்கள். வைரஸ் தாக்கிய புழுவுக்கு வெளிச்சத்தின் மேல் ஈர்ப்பு கூடிவிடுகிறது. வெளிச்சம் மேலிருந்து வருவதால் புழு மேலே போகிறது. புழுவின் கண்ணையே வைரஸ் தன் ஏணியாக்கிக்கொள்கிறது.

கொல்லையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம் இல்லை. வைரசால் செத்த புழு பின்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். உடம்பு தொளதொள என்று இருக்கும். தொட்டால் தோல் கிழிந்து கலங்கிய நீர் வடியும். பூஞ்சணத்தால் செத்த புழு காய்ந்த குச்சி மாதிரி கடினமாக இருக்கும், நாற்றம் இருக்காது, மேலே பஞ்சு அல்லது தூள் இருக்கும். பஞ்சு வெள்ளையாகவே நின்றால் அது பெரும்பாலும் பவேரியா. வெளிர் பச்சையானால் ரைலி. கரும்பச்சையானால் மெட்டாரைசியம் அனிசோபிலியே. கறுத்து, குழைந்து, நாறிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் கிடந்தால் பாக்டீரியா. மருந்தடித்துச் செத்த புழு சுருங்கித் தரையில் விழுந்து கிடக்கும். இந்த நாலு அடையாளமும் தெரிந்தால் பாதித் தெளிப்பு மிச்சமாகும்.

பட்டு விவசாயிகளுக்கு இது புதிதல்ல. பால்புழு நோய் வந்த பட்டுப்புழு தட்டின் விளிம்பில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் பால் போன்ற நீர் வடியச் சாகும். அதுவும் ஒரு என்.பி.வி. வைரஸ்தான். விளிம்பில் ஓடும் புழு போகிற வழியெல்லாம் மற்றப் புழுவின் இலையில் நோயைத் தடவிவிட்டுப் போகிறது. தோகை உச்சியில் நடப்பதும் தட்டின் விளிம்பில் நடப்பதும் ஒரே தந்திரம்.

எறும்பும் ஈயும்

பூச்சியை ஆட்டிவைப்பதில் மிகத் தேர்ந்தது வெப்பமண்டலக் காடுகளில் உள்ள ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சணம். அது கட்டெறும்பு வகையைத் தாக்கும். தாய்லாந்துக் காடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, நோய் கண்ட எறும்பு கூட்டைவிட்டு விலகி, தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஓர் இலையின் அடிப்பக்கம் போய், இலை நரம்பைக் கவ்விக்கொண்டு சாகிறது. கவ்வுவது ஏறக்குறைய உச்சிவேளையில். பிறகு எறும்பின் பிடரியிலிருந்து ஒரு தண்டு முளைத்துக் கீழே போகும் எறும்புகள்மேல் வித்துகளைப் பொழிகிறது. இதில் வியப்பு என்னவென்றால், 2017இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எறும்பின் உடலைப் படம் பிடித்துப் பார்த்தபோது, பூஞ்சணம் தசை நார்களைச் சுற்றி வலைபோலப் பின்னியிருந்தது. மூளைக்குள் மட்டும் போகவில்லை. ஓட்டுநரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டதுபோல.

வீட்டு ஈயைத் தாக்கும் என்டமோஃப்தோரா என்ற பூஞ்சணம் நேரம் பார்த்துக் கொல்கிறது. பொழுது சாயும் வேளையில் ஈ உயரமான இடத்துக்கு ஏறி, வாய்க்குழலை நீட்டி ஒட்டிக்கொண்டு, இறக்கைகளைத் தூக்கியபடி சாகும். இரவின் குளிர்ந்த ஈரத்தில் வித்துகள் வெடித்துச் சிதறும். இறக்கை தூக்கியிருப்பதால் வழியில் தடை இருக்காது. உத்தரகாண்டின் இமயமலைப் புல்வெளிகளில் கீடா ஜடி என்று தோண்டி எடுத்து மிகப் பெரிய விலைக்கு விற்கும் பொருளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: மண்ணுக்குள் வாழும் ஒரு புழு, பூஞ்சணம் தாக்கியபின் மண்ணின் மேல்மட்டத்துக்கு வந்து தலை மேலே இருக்கும்படி சாகிறது, தலையிலிருந்து பூஞ்சணத் தண்டு வெளியே வருகிறது.

இணைய வீடியோக்களில் எல்லாப் பூஞ்சணத்தையும் 'ஜாம்பி பூஞ்சணம்' என்று காட்டுகிறார்கள். அது சரியல்ல. கடையில் பாக்கெட்டில் விற்கும் பவேரியாவும் மெட்டாரைசியம் அனிசோபிலியேயும் பெரும்பாலும் நஞ்சு சுரந்து கொல்பவை. தென்னந்தோப்பு எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழு மெட்டாரைசியத்தால் செத்தால் இருந்த இடத்திலேயே விறைத்துப் பச்சையாகும், எங்கும் ஏறிப்போகாது. அதனால் அந்தப் பூஞ்சணத்தைத் தெளித்துவிட்டு, 'உச்சியில் புழு இல்லையே, மருந்து போலியா?' என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

பூச்சியும் சும்மா இருப்பதில்லை. நோய் கண்ட வெட்டுக்கிளி வெயிலில் போய்க் காய்ந்து உடம்புச் சூட்டை ஏற்றிக்கொள்ளும். காய்ச்சல் மாதிரிதான். அந்தச் சூட்டில் பூஞ்சணம் வளர முடியாது. ஈயும் நோயின் தொடக்கத்தில் சூடான இடத்தைத் தேடுகிறது. இந்தப் பூஞ்சணங்களுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் தருமபுரியில் பூஞ்சண மருந்து தெளிப்பது காசைக் காற்றில் விடுவது. அந்த மாதங்களிலும் கடைகளில் அதே பாக்கெட்டை விற்கத்தான் செய்கிறார்கள்.

கொல்லையில் என்ன செய்வது?

உச்சியில் செத்த புழுவைக் கண்டால் முதலில் அதை அப்படியே விட வேண்டும். பறித்து எறிவதும் எரிப்பதும் விதையைப் பொறுக்கி அடுப்பில் போடுவதற்குச் சமம். பிறகு கொல்லையில் ஐந்து இடங்களில் இருபது இருபது செடியைப் பார்க்க வேண்டும். உயிரோடு உள்ள சின்னப் புழு எத்தனை, செத்தது எத்தனை என்று குறித்துக்கொண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். செத்தது கூடி, புதுப்புழு குறைந்தால் பூஞ்சணம் வேலையை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். இயற்கையாக வரும் பூஞ்சணம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். புழு பெருகி, மழையும் பனியும் சேர்ந்த பிறகுதான் அது கொள்ளைநோயாகப் பரவும். அதற்குள் இளம்பயிரின் குருத்து போய்விடலாம். முளைத்ததிலிருந்து குருத்து உருவாகும் வரை நூற்றுக்கு ஐந்து செடிக்கு மேல் சேதம் இருந்தாலோ, அதன்பின் பத்து முதல் இருபது செடிக்கு மேல் இருந்தாலோ பூஞ்சணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த இடத்தில்தான் பாக்கெட் பூஞ்சணம் உதவும். விதைத்த 15 முதல் 25 நாளுக்குள் மெட்டாரைசியம் அனிசோபிலியே லிட்டருக்கு 5 கிராம், அல்லது அரிசிக் குருணையில் வளர்த்த ரைலி லிட்டருக்கு 3 கிராம் கலந்து குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும். தேவைப்பட்டால் பத்து நாள் இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு முறை. ரைலியைக் கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் நீண்டகாலமாக ஆராய்ந்து, தானியத்தில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. தமிழ்நாட்டில் மெட்டாரைசியமும் பவேரியாவும்தான் எளிதில் கிடைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு: தயாரித்த தேதியும், கிராமுக்கு 10 கோடி வித்து என்ற அளவும். உயிருள்ள பொருள் என்பதால் வெயிலில் நிறுத்திய வண்டியிலோ தகரக் கொட்டகையிலோ வைத்தால் செத்துப்போகும். மாலை நாலு மணிக்குமேல் தெளிக்க வேண்டும். கரைசலைத் துணியில் வடிகட்டாவிட்டால் விசைத்தெளிப்பானின் மூக்கு அடைக்கும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் போதும். தெளித்த மறுநாள் காலை போய்ப் பார்த்து, 'புழு சாகவில்லை' என்று இன்னொரு மருந்தை அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சாவை எண்ணாமல், நாலாம் நாள் குருத்தில் புது எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழி. தீனி நின்றிருந்தால் எச்சம் காய்ந்திருக்கும்.

நிலக்கடலைக்காரருக்கு ஒரு தனி எச்சரிக்கை. மழைக்காலத்தில் டிக்கா இலைப்புள்ளிக்காக மேன்கோசெப், கார்பெண்டசிம் அடிப்பது பழக்கம். பூஞ்சணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சணம், கெட்ட பூஞ்சணம் என்ற பேதம் தெரியாது. புரொடீனியா புழு வெள்ளை பூத்துச் சாகத் தொடங்கிய நேரத்தில் மேன்கோசெப் அடித்தால் அந்த நோய் நின்றுபோகும், மிச்சப் புழு தப்பிக்கும். டிக்கா உண்மையாகவே முற்றி இலை கொட்டுகிறது என்றால் அடித்துத்தான் ஆக வேண்டும். கணக்குக்காக, முன்னெச்சரிக்கையாக அடிப்பதாக இருந்தால் பத்து நாள் தள்ளிப்போடலாம்.

பட்டுப்புழு வளர்ப்பவருக்கு

பவேரியா பேசியானா என்ற பெயரே பட்டுப்புழுவிலிருந்து வந்தது. இத்தாலியின் லோடி நகரைச் சேர்ந்த அகஸ்தினோ பாசி என்பவர், பட்டுப்புழு விறைத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துச் சாகும் நோயை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார். அது கெட்ட காற்றாலோ, தீனிக் குறையாலோ வருவது அல்ல, உயிருள்ள ஒரு பூஞ்சணத்தால் வருவது, ஒரு புழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவது என்று 1835இல் எழுதினார். ஒரு நுண்ணுயிர்தான் ஒரு நோயை உண்டாக்குகிறது என்று ஒரு விலங்கில் நிறுவிய முதல் ஆய்வாக அதைச் சொல்வார்கள். பாஸ்டர் பட்டுப்புழு நோய்களைக் கையில் எடுத்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். பாசியின் பெயரைத்தான் அந்தப் பூஞ்சணம் தாங்கியிருக்கிறது. 1879இல் ரஷ்ய அறிஞர் மெட்ச்னிகோஃப் கோதுமை வண்டைக் கொல்ல மெட்டாரைசியத்தைப் பயன்படுத்தப் பார்த்தார். ஒருவருக்கு நோயாகத் தெரிந்த சங்கதி இன்னொருவருக்கு மருந்தாகத் தெரிந்த கதை அங்கே தொடங்குகிறது.

தருமபுரியில் இந்த இரண்டும் இன்று நேருக்கு நேர் நிற்கின்றன. பட்டுக்கூடு ஏல அங்காடி உள்ள ஊர் இது. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கம் குடும்பமே சேர்ந்து புழு வளர்க்கிறது. 100 முட்டைத் தொகுதி வளர்த்தால் நல்ல வளர்ப்பில் 60 முதல் 80 கிலோ கூடு கிடைக்கும். அந்த மாதத்து வருமானம் அதுதான். சுண்ணாம்புக்கட்டு நோய் புகுந்தால் நான்காம் ஐந்தாம் பருவத்தில், இலையும் கூலியும் செலவழித்து முடித்த பிறகு, கூடு கட்டப்போகும் நேரத்தில் போய்விடும். ரைலியால் வருவது பச்சை மஸ்கார்டின்: உடம்பில் பெரிய கரும்பழுப்புப் புள்ளிகள், செத்தபின் வெள்ளை, அதன்பின் பச்சை. மக்காச்சோளத் தோகையில் பார்த்த அதே நிறம்.

நோய் கண்ட பட்டுப்புழு பால்புழு போல ஓடாது. தீனியைக் குறைத்து, அசையாமல் கிடந்து, விறைக்கும். விறைத்த முதல் நாள் அதன்மேல் வித்து இருக்காது. வித்து பூக்க ஒரு நாளாவது ஆகும். இந்த ஒரு நாள்தான் விவசாயியின் கையில் இருக்கும் வாய்ப்பு. காலையும் மாலையும் தட்டைப் பார்த்து, விறைத்த புழுவை வெள்ளை பூப்பதற்கு முன்பே குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்ட நீரில் போட்டு, பிறகு ஆழமாகப் புதைக்க வேண்டும். வெள்ளை பூத்த புழுவைக் கையால் உதறினால் மனை முழுக்க விதைத்தது போலாகும்.

வித்து உள்ளே வரும் வழிகளில் காற்று ஒன்று. அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது இலை. மல்பெரியின் இலைப்பிணைக்கும் புழு, கம்பளிப்புழு இவையும் மழைக்காலத்தில் பூஞ்சணத்தால் செத்து இலையோடு ஒட்டியிருக்கும். அந்தக் கிளையை அப்படியே வெட்டிக் கொண்டுவந்து போட்டால் நோயைக் கையால் ஊட்டியதாகிறது. மக்காச்சோளத்தை ஒட்டிய வரிசைகளின் இலையை ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டுக்குப் போட்டுவிட்டு, உள் வரிசை இலையைப் புழுவுக்குக் கொடுப்பது நல்லது. மக்காச்சோளத்தில் வேலை செய்த துணியோடு வளர்ப்பு மனைக்குள் போகக் கூடாது. பூஞ்சணம் கலக்கிய தெளிப்பானை மல்பெரிக்குப் பயன்படுத்தவே கூடாது, கழுவினாலும்.

மனைக்குள் ஈரம் கூடாமல் பார்த்துக்கொள்வது பாதி வைத்தியம். அடைமழை நாளில் ஈர இலையைப் போடாமல் உலர்த்திப் போட வேண்டும். படுக்கையில் நீற்றிய சுண்ணாம்புத் தூள் தூவி ஈரத்தை வாங்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி வைத்தால் குளிர் போகும் என்று நினைப்பார்கள்; குளிரை விட அடைந்த ஈரம்தான் ஆபத்து. தோலுரித்த பிறகு விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினித் தூளைப் பட்டு வளர்ச்சித் துறை சொல்லும் அளவில் தூவ வேண்டும். ஒரு வளர்ப்பு முடிந்து அடுத்தது தொடங்குமுன் மனையையும் தட்டு, சந்திரிகைகளையும் 2 சத பிளீச்சிங் பவுடரை 0.3 சத நீற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கலந்து கழுவித் தெளிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது.

மல்பெரி வைத்திருப்பவரே மக்காச்சோளமும் போட்டிருந்தால்? அவர் தன் நிலத்தில் எந்தப் பயிருக்கும் பவேரியா, மெட்டாரைசியம், பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் எதுவும் தெளிக்கக் கூடாது. இனக்கவர்ச்சிப் பொறி, டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை, முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவது, குருத்தில் மணல் போடுவது ஆகியவைதான் அவருக்கு ஏற்றவை. 'அப்படியானால் ரசாயனம் அடித்துவிடுகிறேன்' என்றால் அது இன்னும் மோசம். படைப்புழுவுக்கு இப்போது அடிக்கும் குளோரான்ட்ரனிலிபுரோல் போன்ற மருந்துகள் மல்பெரி இலையில் மிகச் சிறிதளவு பட்டாலே பட்டுப்புழு தாங்காது, நாள்கணக்கில் இலையில் தங்கவும் செய்யும்.

பக்கத்து நிலத்துக்காரர் பூஞ்சணம் தெளிக்கப்போகிறார் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்வதைவிடச் சிறந்த வழி இல்லை. கூடு அறுத்து அங்காடிக்குப் போன பிறகு, அடுத்த சாக்கி வருவதற்கு முன், மனை காலியாக இருக்கும் நாட்கள் உண்டு. தெளிப்பை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம். காற்று மல்பெரிப் பக்கம் அடிக்கும் மாலையில் தெளிக்காமல் ஒரு நாள் தள்ளிப்போடலாம். ஐந்து நாளில் சாக வேண்டிய படைப்புழு ஆறாம் நாள் சாவதால் யாருக்கும் நட்டம் இல்லை.

பூஞ்சணம் பூத்த புழு ஒட்டியிருக்கும் மக்காச்சோளத் தட்டையை மாட்டுக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம். ரைலி பூஞ்சணத்தால் மாட்டின் உடல் சூட்டில் வளர முடியாது. தட்டையே பூசணம் பிடித்துக் கறுத்திருந்தால் அது வேறு பூசணம், அதைப் போடக் கூடாது. பாக்கெட் பூஞ்சணத் தூளைக் கலக்கும்போது ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

செத்த புழு எந்த நோயால் செத்தது என்று சந்தேகமாக இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். பட்டுப்புழுவாக இருந்தால் பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்துக்கு. கொண்டுபோகும்போது பாலிதீன் பையில் போட வேண்டாம், வேர்த்து ஒரு நாளில் அழுகிவிடும். ஒட்டியிருக்கும் இலையோடு சேர்த்துக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, பயிர், ஊர், எடுத்த தேதி, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தது என்று உறையின்மேல் எழுதிக் கொடுக்க வேண்டும்.